கொங்குப் பெருவழி – 17: கைகாட்டி

அவிநாசியை ஒட்டிக் கைகாட்டிப்புதூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த வழியில் பஸ் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அந்தப் பெயரைத் தினமும் சொல்கிறார்கள். பெயருக்குள் ஒரு கம்பம் நிற்பதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. வழி பிரிகிற இடத்தில் நட்ட கம்பம், அதில் கை நீட்டினாற்போல ஒரு பலகை, பலகையில் ஊர்ப்பெயர். அதைத்தான் கைகாட்டி என்றார்கள். பிறகு ரயில் வந்தது. தண்டவாள ஓரத்தில் கையை ஏற்றியும் இறக்கியும் வண்டியை நிறுத்திய கம்பத்துக்கும் நம் மக்கள் அதே பெயரையே வைத்தார்கள். வழி சொல்வதும் 'நில்' என்று தடுப்பதும் ஒரே கையின் வேலை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இன்று நாற்சந்தியில் நாம் பார்க்கும் பலகை, விளக்கு, தரையில் தீட்டிய அம்பு, வெள்ளைக் கோடு எல்லாமே அந்தக் கையின் வாரிசுகள்தாம்.

சென்ற வாரம் ஜி.டி. நாயுடுவின் பேருந்துகளோடு பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குப் போய் வந்தோம். இந்த வாரம் நாற்சந்தியில் சற்று நேரம் நிற்கலாம்.

குழியால் எழுதிய எண்

இந்தத் தொடரை சுண்டக்காமுத்தூர்ப் பாறையில் தொடங்கியது நினைவிருக்கும். பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போன ராஜகேசரிப் பெருவழியின் பெயரைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் தாங்கி நிற்கும் பாறை அது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொங்கு நாட்டைக் கைக்கொண்ட முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்று கல்வெட்டறிஞர்கள் கணிக்கிறார்கள். ஒரே செய்தியை இரண்டு எழுத்துகளில் வெட்டியதற்குக் காரணம் எளிது. அந்த வழியாகச் சோழ நாட்டு ஆளும் வருவார், சேர நாட்டு ஆளும் வருவார். இருவருக்கும் புரிய வேண்டும்.

அதைவிட என்னை வியக்க வைப்பது தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல். நாவற்றாவளம் என்ற இடத்துக்கு இன்னும் 29 காதம் இருக்கிறது என்று சொல்லும் கல் அது. ஊர்ப்பெயரை எழுத்தில் வெட்டிய கல்தச்சர் 29 என்பதை எண்ணிலும் வெட்டினார். அதோடு நிற்கவில்லை. கல்லில் இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சின்னக் குழிகளையும் குடைந்து வைத்தார். பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. எழுத்தறியாத பொதிமாட்டுக்காரர் தடவிப் பார்த்தே தூரத்தைத் தெரிந்துகொள்வார். இருட்டில் வந்தாலும் விரல் படித்துவிடும்.

இந்தத் தொழிலின் முழு இலக்கணமும் அந்தக் கல்லில் இருக்கிறது. வழியில் எழுதப்படுவது உள்ளூர்க்காரருக்காக அல்ல. அவருக்கு வழி தெரியும். முன்பின் தெரியாதவருக்காக, படிக்கத் தெரியாதவருக்காக, இருட்டில் வருகிறவருக்காக எழுதுவதே சாலை எழுத்து. இன்றைய குறியீடுகளையும் நான் இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறேன்.

தண்டவாளத்திலிருந்து இறங்கிய சிவப்பு

சிவப்பென்றால் நிற்க வேண்டும் என்பதைக் கொங்கு நாடு சாலையில் கற்கவில்லை, ரயிலில் கற்றது. 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை போத்தனூர் வழியாக ஓடத் தொடங்கியது. 1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட பாதை கோவையைத் தொட்டது. தெற்கு ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை இன்றும் போத்தனூரில்தான் இருக்கிறது.

உலகத்திலும் இதே வரிசைதான். லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே 1868 டிசம்பரில் சாலைக்கென்று முதல் சிக்னலை நிறுத்தியவர் ஜே.பி. நைட் என்ற ரயில்வே பொறியாளர். பகலில் ரயில் கைகாட்டி போலவே கை நீட்டும். இரவில் சிவப்பும் பச்சையுமாக எரிவாயு விளக்கு எரியும். அடுத்த மாதமே எரிவாயு கசிந்து வெடித்தது. அதை இயக்கிய காவலர் காயம்பட்டார். அந்த யோசனை மறுபடி தலையெடுக்கச் சுமார் 45 ஆண்டுகள் ஆயின. 1914 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்சார சிக்னல் எரிந்தது.

தரையில் கோடு போடும் வழக்கம் அதற்குச் சற்று முந்தியது. 1911இல் மிச்சிகன் மாநிலத்தின் வெய்ன் கவுன்டியில் சாலை ஆணையராக இருந்த எட்வர்ட் ஹைன்ஸ், சாலையின் நடுவே வெள்ளைக் கோடு இழுக்கச் செய்தார். முன்னால் போன பால் வண்டியிலிருந்து ஒழுகிய பால் சாலையில் நீளமாய்க் கோடு போட்டதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். விடியற்காலையில் பால் கேன் கட்டிக்கொண்டு டவுனுக்கு வரும் மொபெட்டுகளைப் பார்த்து வளர்ந்த கொங்கு மக்களுக்கு அந்தக் கதையை நம்புவது சிரமமில்லை.

பாதசாரிகளுக்கான வரிக்குதிரைக் கோடு 1951இல் பிரிட்டனில் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்ட பலகைகளை ஒரு முறைக்குள் கொண்டுவர 1968 நவம்பரில் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். மொழி தெரியாதவருக்கும் படம் புரிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தருமபுரிக் கல்தச்சர் குழி குடைந்து சொன்னதும் அதுதான்.

வட்டம், முக்கோணம், செவ்வகம்

நம் நாட்டில் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. 1927இல் அமைந்த ஜெயகர் குழு, மாட்டு வண்டிக்குப் போட்ட சாலைகள் மோட்டாருக்குத் தாங்கா என்பதை எடுத்துச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 1934 டிசம்பரில் இந்தியச் சாலைகள் பேரவை பிறந்தது. பலகை எந்த வடிவில் இருக்க வேண்டும், கோடு எவ்வளவு அகலத்தில் இருக்க வேண்டும் என்று இன்றைக்கு வரைக்கும் விதி எழுதுவது இந்த அமைப்புதான். சாலைக் கோடுகளுக்கு 35ஆம் எண் விதிநூல், பலகைகளுக்கு 67ஆம் எண் விதிநூல், சிக்னலுக்கு 93ஆம் எண் விதிநூல்.

விதிநூல் தடிமனாக இருந்தாலும் சாரம் சிறியது. வட்டப் பலகை கட்டளை இடுகிறது, மீறக் கூடாது. முக்கோணம் எச்சரிக்கிறது. செவ்வகம் தகவல் சொல்கிறது. இரண்டு மட்டும் விதிவிலக்கு: 'நில்' பலகைக்கு எட்டு மூலை, 'வழி விடு' பலகை தலைகீழ் முக்கோணம். மற்ற கட்டளைகளிலிருந்து இவை இரண்டும் வடிவத்திலேயே பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. சேறு அப்பியிருந்தாலும் பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் என்ன பலகை என்று தெரியும்.

கோடுகளுக்கும் இப்படி ஒரு பேச்சு உண்டு. விட்டு விட்டுப் போகும் கோட்டை, எதிரே வண்டி இல்லையென்றால் தாண்டலாம். தொடர்ந்து போகும் கோட்டைத் தாண்டக் கூடாது. அதுவே இரட்டையாக இருந்தால் அந்தப் பக்கம் நினைக்கவே கூடாது. சந்திப்புக்கு முன்னால் குறுக்கே கிடக்கும் கோடு நிற்கிற இடம். அதற்கு அப்பால் உள்ள வரிக்குதிரைக் கோடுகள் நடப்பவருக்குச் சொந்தம். சந்திப்பின் நடுவே மஞ்சளில் பின்னல் போட்ட கட்டம் இருந்தால், வெளியேற இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். தரையில் தீட்டும் அம்புகளை மேலே நின்று பார்த்தால் அளவுக்கு மீறி நீளமாகத் தெரியும். ஓட்டுநரின் கண் தாழ்வான கோணத்தில் பார்ப்பதால், நீட்டி வரைந்தால்தான் அவருக்கு அளவான அம்பாகத் தெரியும்.

கோட்டின் பொருளும் சாதாரணப் பெயின்ட் அல்ல. தெர்மோபிளாஸ்டிக் என்ற கலவையைச் சூடேற்றி உருக்கி, 2.5 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் சாலையில் படிய விடுகிறார்கள். அது ஆறி இறுகுவதற்கு முன்பே மேலே நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். இரவில் முகப்பு விளக்கின் ஒளி அந்த மணிகளில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புகிறது. அந்த மணிகள் தேய்ந்துவிட்டால் பகலில் தெரியும் கோடு இரவில் மறைந்துவிடும். கோடு இருக்கிறதா என்று பகலில் போய்ப் பார்த்துத் திருப்திப்படுவது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

32 இடங்கள்

இனி நம் ஊர்ச் சந்திப்புகளுக்கு வருவோம். கோவையில் சந்திப்பின் பெயரே பலகைதான். லாலி ரோடு என்ற பெயரில் 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி இருக்கிறார். ஹோப் காலேஜ் என்ற பெயரில் 1940களின் ஆளுநர் ஆர்தர் ஹோப் இருக்கிறார், ஜி.டி. நாயுடு தொடங்கிய தொழிற்கல்லூரிக்கு வைத்த பெயர் சந்திப்பில் தங்கிவிட்டது. லட்சுமி மில் என்றதும் 1910இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய ஆலை நினைவுக்கு வருகிறது. 'லட்சுமி மில் சிக்னல்ல எறங்கிக்கிறேனுங்க' என்று சொல்லித்தான் நாம் பழகியிருக்கிறோம். ஊரில் சிக்னல் என்பது விளக்கின் பெயராக மட்டும் இருக்கவில்லை. இடத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

அந்த விளக்குகள் பலவற்றை 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அப்போது மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர் வி. பாலகிருஷ்ணன். லாலி ரோடு சந்திப்பில் ரவுண்டானா வந்தது. அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு என்று பெரிய சாலைகளில் நேர்குறுக்கு வழிகளை பேரிகார்டு வைத்து அடைத்து, சற்றுத் தள்ளி யு-டர்ன் திறந்தார்கள். வலது பக்கம் திரும்ப வேண்டியவர் இடது பக்கம் போய், வளைந்து, திரும்பி வர வேண்டும். நகரமே சில மாதங்கள் இதைப் பற்றிப் பேசியது.

இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இருவழிப் போக்குவரத்துள்ள நான்கு சாலைகள் கூடும் சந்திப்பில், வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய இடங்கள் 32. அவற்றில் 16 இடங்களில் ஒரு பாதை மற்றொன்றைக் குறுக்கே வெட்டுகிறது. 8 இடங்களில் பாதைகள் சேர்கின்றன, 8 இடங்களில் பிரிகின்றன. உயிரை எடுப்பவை பெரும்பாலும் அந்த 16தான். பக்கவாட்டில் இடிபடும் இருசக்கர வண்டிக்குத் தடுப்பு எதுவும் கிடையாது. ரவுண்டானா போட்டால் 32 என்பது 8 ஆகிறது: சேர்வது 4, பிரிவது 4, குறுக்கே வெட்டுவது ஒன்றுமில்லை. யு-டர்னும் அதே கொள்கைதான். குறுக்கு வெட்டை எடுத்துவிட்டு, சேர்தலும் பிரிதலுமாக மாற்றிச் சாலை நெடுகப் பரப்பி வைப்பது. இந்த உத்தியை 1960களில் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியதும் முதல் வெள்ளைக் கோடு போட்ட அதே மிச்சிகன் மாநிலம்தான்.

சிவப்பில் நின்று புகை குடித்த நேரம் மிச்சமானதை அவிநாசி ரோட்டில் தினமும் போய் வந்த எவரும் மறுக்க மாட்டார். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் விளக்கை எடுத்த இடத்தில் ஒரு பொறுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விளக்கு சொல்வது 'எப்போது' என்பதை. கோடும் பலகையும் சொல்வது 'எங்கே' என்பதை. 'எப்போது' என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் 'எங்கே' என்பது மட்டும்தான் மிச்சம். கிளைச் சாலையிலிருந்து இடது பக்கமாகச் சேரும் ஸ்கூட்டர், அடுத்த யு-டர்னைப் பிடிக்க வலது ஓரத்துக்குப் போக வேண்டும். இடையில் நேரே போகும் பஸ், லாரி, கார் எல்லாவற்றையும் அது கடக்க வேண்டும். யு-டர்ன் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று முன்கூட்டியே ஒரு பலகை சொன்னால், ஸ்கூட்டர்காரர் நிதானமாக ஒவ்வொரு தடமாக மாறுவார். வளைவுக்கு முன்னால் அம்புக்குறி தரையில் தெளிவாக இருந்தால், நேரே போகிறவர் அந்தத் தடத்தை விட்டு விலகியிருப்பார். பலகையும் அம்பும் இல்லையென்றால் ஸ்கூட்டர்காரர் கடைசி நொடியில் குறுக்கே இழுப்பார். எடுத்துவிட்டதாக நினைத்த அந்தக் குறுக்கு வெட்டு, வேறு இடத்தில் திரும்ப வந்துவிடும்.

நடந்து போகிறவரின் நிலைமை இன்னும் கடினம். சிவப்பு விளக்கு வண்டிகளுக்கு மட்டும் வைத்ததல்ல. அது எரிந்த நேரத்தில்தான் ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டினார். விளக்கு போனபின் ஒரு பஸ் ஸ்டாப்பில் பெரியவர் ஒருவர் பணியிலிருந்த காவலரிடம் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன்: 'ஏனுங்க சார், அந்தப் பக்கம் போகோணும், எப்படிங்க தாண்டறது?' காவலர் அவர் கையைப் பிடித்து, மறு கையால் வண்டிகளை மறித்து, தாமே கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காவலர் அன்றைக்குக் கைகாட்டியாக நின்றார். ஆனால் ஒரு நகரம் தன் பெரியவர்களைத் தினமும் ஒரு காவலரின் நல்ல மனதை நம்பி விட முடியாது. பட்டனை அழுத்தினால் வண்டிகளை நிறுத்தும் பெலிக்கன் சிக்னல்கள் பிறகு சில இடங்களில் வந்தன. சிக்னல் எடுத்த ஒவ்வோர் இடத்திலும் அதற்கு முதல் நாளே அவை வந்திருக்க வேண்டும்.

கோவையிலிருந்து போன மனு

இந்தக் கதையில் நம் ஊர் மருத்துவர் ஒருவருக்குத் தனி இடம் உண்டு. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். உடைந்த எலும்பை ஒட்ட வைத்துக்கொண்டே இருப்பது மட்டும் போதாது, உடைவதைத் தடுக்க வேண்டும் என்பது அந்த வழக்கின் உயிர். 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை நீதிமன்றம் அமைத்தது. 2017 நவம்பர் 30 அன்று மாநிலங்களுக்கு விரிவான உத்தரவுகள் வந்தன. விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களைக் கண்டறிந்து சரிசெய்வதும், சாலைகளைப் பாதுகாப்புத் தணிக்கை செய்வதும் அவற்றில் அடங்கும்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 198ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரத்தைப் பின்பற்றாததால் ஒருவர் இறந்தாலோ உடல் ஊனமுற்றாலோ, பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நூறாண்டுகளாக ஓட்டுநரை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்ட சட்டம், முதன்முறையாகச் சாலையைப் பார்த்தும் கேட்டது. அந்தப் பிரிவைப் பொதுமக்கள் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு அவசரம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 49 வீடுகளுக்குச் சாவுச் செய்தி போயிருக்கிறது.

மேம்பாலத்தின் நிழலில்

2025 அக்டோபர் 9 அன்று உப்பிலிபாளையத்துக்கும் கோல்டுவின்ஸுக்கும் நடுவே 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் அவிநாசி ரோட்டின் மேல் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்திருக்கிறார்கள். விமான நிலையம் போகிறவர் மேலேயே போய்விடலாம். ஆனால் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மில்லுக்கும் போகிறவர்கள் கீழேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பல நூறு கோடி ரூபாய் வேலை அல்ல. தேய்ந்த கோட்டை உடனே திரும்பப் போடுவது, மரக்கிளையும் விளம்பரத் தட்டியும் மறைக்காத இடத்தில் பலகை நடுவது, சாலையைத் தோண்டி மூடிய இடத்தில் தார் போட்ட கையோடு அம்பையும் வரைவது, யு-டர்னுக்குப் போதுமான தூரத்துக்கு முன்பே தமிழில் பெரிய எழுத்தில் சொல்வது. ஒரு பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் இவை சில்லறைக் காசு.

சாலை போடும் துறை ஒன்று, கோடு போடும் ஒப்பந்ததாரர் ஒருவர், போக்குவரத்தை மாற்றுவது காவல்துறை என்று மூன்று கைகள் வெவ்வேறு திசையில் நீளும்போது, வழி கேட்டு வந்தவர்தான் தடுமாறுகிறார். ஒரு சந்திப்பில் பாதை மாறுகிற அன்றே அதன் கோடும் மாற வேண்டும். பழைய அம்பு நேராகப் போகச் சொல்ல, புதிய பேரிகார்டு வழியை மறித்து நிற்பது, ஊர் தன் வாயால் இரண்டு பேச்சுப் பேசுவதற்குச் சமம்.

நம் பங்கும் இதில் உண்டு. நிறுத்தக் கோட்டைத் தாண்டி வரிக்குதிரைக் கோட்டின் மேல் முன் சக்கரத்தை வைத்து நிற்கும் ஒவ்வொரு முறையும், நடந்து வருகிறவருக்கு எழுதிய வாக்கியத்தின் மேல் நாம் நிற்கிறோம். ஃப்ரீ லெஃப்ட் விட்டிருக்கும் தடத்தை அடைத்துக்கொண்டு நேரே போகக் காத்திருப்பதும் அப்படித்தான். அபராதம் கட்டுவதால் அந்தக் கடன் தீராது.

அடுத்த முறை ஏதாவதொரு சந்திப்பில் நிற்கும்போது தரையைக் கொஞ்சம் பாருங்கள். முதன்முறையாக இந்த ஊருக்கு வருகிற ஒருவர், இரவில், மழையில், இந்தக் கோட்டை மட்டும் நம்பி வீடு போய்ச் சேர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் மாநகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ காவல்துறைக்கோ எழுதுங்கள். இடத்தைக் குறிப்பிட்டு, படத்தோடு எழுதுங்கள். எழுத்தறியாத வழிப்போக்கருக்காகப் பதினொரு குழிகளை உட்கார்ந்து குடைந்த கல்தச்சர் வாழ்ந்த மண் இது.

(பயணம் தொடரும்)